பதினெட்டு புள்ளி நாலு

மருந்துக் கம்பெனியிலிருந்து தேர்வுக்கு அழைப்பு வந்ததிலிருந்து வீட்டில் யாரும் சின்னவளிடம் கோபமாகப் பேசவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

படிப்பு முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. வேதியியல் பட்டம் கையில் இருக்கிறது. அதற்கு மேல் மாவட்டப் பயிற்சி மையத்தில் இலவசமாக நடந்த எல்லாவற்றிலும் சேர்ந்து பார்த்துவிட்டாள். கம்ப்யூட்டர், கணக்குப் பதிவு, நேர்முகத் தேர்வில் எப்படி உட்கார வேண்டும், எப்படிச் சிரிக்க வேண்டும் என்று ஒரு பயிற்சி. ஒவ்வொன்றின் முடிவிலும் கைதட்டல், சான்றிதழ், குரூப் போட்டோ. வேலை மட்டும் வரவில்லை. கடைசியாக ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கடையையும் மூடிவிட்டார்கள்.

மாவட்டத்தில் வேதியியல் படித்தவர்களுக்கென்று இருப்பது ஒரே ஓர் இடம். ஊசி மருந்து தயாரிக்கும் அந்தக் கம்பெனியின் ஆய்வகம். அதுவும் இல்லையென்றால் வெளியூர் வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் அக்கா அனுப்பும் பஸ்ஸில் ஏற வேண்டும். எங்கோ தொலைவில் ஒரு நகரம், அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் வேலை, ஹாஸ்டலில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர். சேர்ந்துவிட்டால் மூன்று வருடம் திரும்ப முடியாது. முதலில் கூடவே கூடாது என்று சொன்ன அம்மா, போன வாரம் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே, “போய்ட்டுத்தான் வரட்டுமே” என்று சொல்லிவிட்டாள்.

அந்த நிமிடத்திலிருந்து சின்னவள் இன்றைய தேர்வைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் அவள் தலைமுடியைப் பின்னிக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்றார். கண்ணாடியில் அவர் மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது.

“தூங்கினியா?”

“தூங்கினேன்ப்பா.”

“பொய் சொல்லாதே. விளக்கு எரிஞ்சது எனக்குத் தெரியும்.” குரலைத் தாழ்த்தினார். “நேத்து ராத்திரி மாப்பிள்ளை என்கிட்ட வந்து பேசினார்.”

மாப்பிள்ளை என்றால் பெரியவளின் கணவர், சின்னவளுக்கு அத்தான். அந்தக் கம்பெனி ஆய்வகத்தில் ஐந்து வருடமாக ஒப்பந்தத்தில் உதவியாளர். இந்த மாதம் நிரந்தரம் ஆக்கப்போகிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் அவரும் பெரியவளும் இந்த வீட்டின் பின்னறையைவிட்டு, இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார்கள்.

“என்ன பேசினார்?”

அப்பா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

“நேத்து சாயங்காலம் டெஸ்டுக்கான கரைசலை அவர்தான் கலக்கினாராம். கலக்கிட்டு, எத்தனை மில்லியில நிறம் மாறுதுன்னு அவரே போட்டும் பாத்திருக்கார்.” குனிந்து அவள் காதருகே சொன்னார். “பதினெட்டு புள்ளி நாலு.”

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது.

“அப்பா...”

“மனசுல வச்சுக்கோ. வேற யார்கிட்டயும் சொல்லாதே. பதினேழு வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு விட்டுடு. அதுக்கு மேல சொட்டுச் சொட்டா.”

“அவருக்கு ஏதாவது ஆயிடப் போகுதுப்பா.”

“யாருக்குத் தெரியப்போகுது? இது என்ன கொலையா? ஒரு நம்பர்.”

அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். “அப்பாவும் பொண்ணும் என்ன குசுகுசுன்னு?”

“வாழ்த்திக்கிட்டிருக்கேன்.”

“நீங்களா? கல்யாணத்தன்னிக்கே என்னை வாழ்த்த மறந்த மனுஷன். பஸ் போயிடும், விடுங்க அவளை.”

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அப்பா கல்லூரி வேதியியல் ஆய்வக உதவியாளர். கரைசல் கலக்குவது, குடுவை கழுவுவது, தேர்வன்று பாட்டில்களை மேஜைமேல் வைப்பது அவர் வேலை. வைத்துவிட்டு நகரும்போது, நடுங்கிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால் அவருக்கு மனது கேட்காது. துடைக்கிற சாக்கில் பக்கத்தில் போய் மெதுவாக ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். எத்தனையோ வருடமாக அப்படித்தான். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் நம்பர் அண்ணன். தெருவில் யாராவது வண்டியை நிறுத்தி, “நம்பர் அண்ணே, உங்களாலதான் பாஸானேன்” என்று சொல்லிவிட்டுப் போனால் அன்று முழுக்க அவர் முகம் வெளிச்சமாக இருக்கும்.

அதே ஆய்வகத்தில்தான் சின்னவளும் படித்தாள். மற்றவர்களுக்குத் தேர்வன்று கிடைத்தது அவளுக்கு ஒவ்வொரு வாரமும் கிடைத்தது.

*

கம்பெனி ஆய்வகம் கல்லூரி ஆய்வகம் மாதிரி இல்லை. அமில வாடை இல்லை. மேஜையில் கறை இல்லை. சுவர் முழுக்க வெள்ளை. பேசினால் சத்தம் எங்கோ போய் முட்டித் திரும்பி வந்தது.

ஆறு பேர் வந்திருந்தார்கள். ஆறு மேஜை. ஒவ்வொன்றிலும் அளவுக்கோடு போட்டு அடியில் திருகு வைத்த நீளக் கண்ணாடிக் குழாயான ஒரு பியூரெட், உறிஞ்சி அளக்க ஒரு பிப்பெட், கூம்புக் குடுவைகள், மூடிபோட்ட ஒரு பாட்டில். ஆய்வகப் பொறுப்பாளர் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. எல்லோரும் அவரை மேடம் என்றே கூப்பிட்டார்கள்.

“பாட்டில்ல இருக்கிறது அமிலம். பியூரெட்ல இருக்கிறது காரம். எவ்வளவு காரம் விட்டா நிறம் மாறுதுன்னு பாக்கணும். காலேஜ்ல செஞ்சதுதான். மூணு தடவை செய்ங்க. என்ன வருதோ அதை எழுதுங்க.”

கடைசி வாக்கியத்தை அவர் இன்னொரு தடவை சொன்னார்.

“என்ன வருதோ அதை.”

சின்னவளின் கை சரியாகத்தான் வேலை செய்தது. பிப்பெட்டில் அமிலத்தை அளந்தாள், குடுவையில் விட்டாள், நிறங்காட்டி இரண்டு சொட்டு. குடுவைக்குள் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. பியூரெட்டின் திருகை முழுசாகத் திறந்தாள். காரம் ஓடியது. பத்து, பன்னிரண்டு, பதினைந்து. அவள் பார்வை அளவுக்கோட்டில்தான் இருந்தது, குடுவையில் இல்லை. பதினேழில் மூடினாள்.

பிறகு குடுவையைப் பார்த்தாள்.

அடர்ந்த ரோஜா நிறம். மாற வேண்டிய நிறம் எப்போதோ மாறி, அதைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது.

குடுவை சுத்தமாக இல்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். வேறு எதை நினைப்பது? நன்றாகக் கழுவினாள். இரண்டாவது தடவை மெதுவாக விட்டாள். பதினைந்தைத் தாண்டியதும் ஒரு சொட்டு விழுந்து, குடுவைக்குள் இளஞ்சிவப்பு மெல்லப் பரவி, அப்படியே நின்றது. அளவைப் பார்த்தாள். பதினைந்து புள்ளி ஒன்று.

மூன்றாவது தடவையும் அதே பதினைந்து புள்ளி ஒன்று.

சுற்றிலும் பார்த்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒருவன் பியூரெட்டை நிமிர்த்தி நிறுத்தப் போராடிக்கொண்டிருந்தான்.

எங்கே தப்பு செய்தாள்? பிப்பெட்டில் காற்றுக்குமிழி இருந்ததா? காரத்தை யாராவது கூடுதல் வலுவாகக் கலக்கிவிட்டார்களா? நிறங்காட்டி அதிகமாகப் போய்விட்டதா? ஒவ்வொன்றாக யோசித்தாள். அவள் கண் தவறு என்பதற்கு எத்தனையோ காரணம் கிடைத்தது. எண் தவறு என்பதற்கு ஒரு காரணம்கூடத் தோன்றவில்லை.

கல்லூரியில் மூன்று வருடமும் அப்படித்தான். அவள் பார்த்ததும் அப்பா சொன்னதும் வேறாக இருந்த நாட்களில், சரியாக இருந்தது எப்போதும் அப்பா சொன்னதுதான். அவள் தன் எண்ணை அடித்துவிட்டு அதை எழுதுவாள். மதிப்பெண் வரும்.

இப்போது அடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. தாள் காலியாகத்தான் இருந்தது.

பதினெட்டு புள்ளி நாலு என்று எழுதினாள். அதன் கீழே இன்னொரு தடவை. அதன் கீழே இன்னொரு தடவை.

நிமிர்ந்தபோது அறையின் மறுகோடியிலிருந்து மேடம் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. தாளை அல்ல, அவள் முகத்தை.

*

அதே நேரத்தில் கல்லூரியில் அப்பா பியூரெட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அன்று இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு. சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், ஒன்றைக் கழுவுவார், மறுபடி பார்ப்பார்.

துறைத்தலைவர் உள்ளே வந்தார். இன்னும் சில மாதத்தில் ஓய்வு பெறப்போகும் மனிதர். அப்பாவுக்கும் அதே வருடம்தான் ஓய்வு.

“காலையில கம்பெனியிலேருந்து போன் வந்துச்சுய்யா. அந்த லேப் அம்மா.”

அப்பாவின் கையிலிருந்து பியூரெட் நழுவியது. உடையவில்லை.

“என்ன சார்?”

“நம்ம காலேஜ்ல படிச்ச பிள்ளைங்க யாருக்கும் ரீடிங் பாக்கவே தெரியலையாம். போன வருஷம் போன ஆறு பேரும் ஒரே நம்பரை எழுதினாங்களாம். எப்படின்னு கேக்குது.”

அப்பா கொஞ்சம் யோசித்தார். “ஒரே கரைசல் குடுத்தா ஒரே நம்பர்தானே சார் வரும்?”

துறைத்தலைவர் அவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். “நீர் பேராசிரியரா ஆகியிருக்க வேண்டிய ஆளுய்யா.”

“சம்பளம் மட்டும் அப்படி வரலையே சார்.”

“நம்ம பாஸ் சதவீதம் மாவட்டத்துலயே முதல். அதைப் பேச யாரும் போன் பண்ண மாட்டேங்கிறாங்க.” போகிற போக்கில் திரும்பினார். “சின்னப் பொண்ணுக்கு ஏதாவது வழி கிடைச்சுதா?”

“கிடைக்கும் சார்,” என்றார் அப்பா. “இன்னிக்குக் கிடைச்சுடும்.”

தேர்வு தொடங்கியது. மூன்றாவது மேஜையில் ஒரு பெண். அவள் குடுவையில் நிறம் வந்துவிட்டது, அழகாக, மிகச் சரியாக. அவள் அளவைப் பார்த்தாள். பிறகு எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா துணியை எடுத்துக்கொண்டு அந்த மேஜையைத் துடைக்கப் போனார்.

*

மேடத்தின் அறை சின்னது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஓரத்தில் இன்னொரு பியூரெட். மற்ற ஐந்து பேரையும் அனுப்பிவிட்டுச் சின்னவளை மட்டும் இருக்கச் சொல்லியிருந்தார். அவளுடைய பாட்டில் மேஜைமேல் இருந்தது.

“இதை இன்னொரு தடவை எனக்குச் செஞ்சு காட்டு.”

செய்தாள். முதலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். கடைசிச் சொட்டை அரைச் சொட்டாக்கிப் பியூரெட் நுனியில் தொங்கவிட்டுக் குடுவையின் உள்சுவரில் ஒற்றி எடுத்தாள். இளஞ்சிவப்பு நின்றது.

“என்ன வந்துச்சு?”

“பதினஞ்சு புள்ளி ஒண்ணு மேடம்.”

“எழுதினது?”

அவள் தரையைப் பார்த்தாள்.

“உக்காரு. அழாதே, அழுதா எனக்குப் பேச வராது.” மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “கை நல்லா இருக்கு உனக்கு. அரைச் சொட்டு விடறதை நான் இங்க ஆளுங்களுக்கு ஆறு மாசம் சொல்லிக்குடுக்கிறேன். உனக்கு அது தானா வருது.”

“தப்பாப் பாத்துட்டேன் மேடம்.”

“நீ சரியாத்தான் பாத்தே. தப்பா எழுதினே.”

பக்கத்து அறையில் ஏதோ இயந்திரம் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது.

“முதல் தடவையே பதினேழு வரைக்கும் திருகை முழுசாத் திறந்து விட்டே. என்ன வரும்னு தெரியாதவங்க அப்படித் திறக்க மாட்டாங்க, பயப்படுவாங்க. உனக்குப் பயமே இல்லை. பதினேழுல நிறுத்திக் குடுவையைப் பாத்தே பாரு, அப்பத்தான் வந்துச்சு பயம்.”

சின்னவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்த ஊர்ல பிள்ளைங்க வந்து சேர்றதுக்கு முன்னாடியே நம்பர் வந்து சேர்ந்துடுது. போன வருஷமே எனக்குப் புரிஞ்சிடுச்சு. அதனால இன்னிக்குக் காலையில வந்ததும் நானே ஒவ்வொரு பாட்டில்லயும் தண்ணி சேர்த்து அமிலத்தோட வலுவைக் குறைச்சேன். ஒவ்வொண்ணுலயும் வேற வேற அளவு. யாருக்கும் சொல்லலை.” தாளை அவள் பக்கம் திருப்பினார். “பதினெட்டு புள்ளி நாலு. நேத்து ராத்திரி வரைக்கும் அதுதான் சரியான விடை. என் லேப்ல இருக்கிற நாலு பேருக்குத்தான் அது தெரியும். யார் சொன்னது?”

சின்னவள் தாளிலிருந்த தன் எழுத்தையே பார்த்தாள்.

“உனக்கு இங்க சொந்தக்காரங்க யாராவது வேலை செய்றாங்களா?”

“இல்ல மேடம்.”

அத்தான் முன்பே சொல்லிவைத்திருந்த பதில் அது. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

மேடம் தலையசைத்தார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

“இங்க தயாராகிறது நேரா நரம்புல ஏறுது. நம்மள்ல ஒருத்தர் பாக்காததைப் பாத்ததா எழுதினா, எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில, யாருன்னே தெரியாத ஒருத்தர் கையில அந்தத் தப்பு ஏறும். பரிட்சை நம்பரை வெளியில சொல்றவன் நாளைக்கு மருந்து நம்பரையும் மாத்தி எழுதுவான். அவனை நான் வச்சிருக்க முடியாது. யாரா இருந்தாலும் வெளியதான். அதையும் உன்கிட்ட மறைக்கலை.”

“மேடம்...”

“முழுசாக் கேளு. வெளியூர்லேருந்தே ஆளை எடுத்துடலாம்னு மேல சொல்லிட்டாங்க. இந்த மாவட்டத்துப் பிள்ளைங்களுக்கு ஒரு வருஷம் குடுங்கன்னு கேட்டு வாங்கினது நான். இன்னிக்கு வந்த ஆறு பேர்ல பியூரெட்டைப் பிடிக்கத் தெரிஞ்சது உனக்கு மட்டும்தான். ரெண்டு பேருக்கு இடம் இருக்கு. ஒருத்தரைக்கூட எடுக்கலைன்னா, அடுத்த வருஷம் இந்த வாசல்ல உங்க ஊர்ப் பிள்ளைங்க யாரும் வந்து நிக்க வேண்டியிருக்காது.”

எழுந்து கதவைத் திறந்தார்.

“காலையில ஒன்பது மணிக்கு வா. பேரைச் சொல்லு. புது பாட்டில் தர்றேன், புதுசா எழுது. சொல்ல முடியலைன்னா வர வேண்டாம். உன் மேல நான் எந்தப் புகாரும் வைக்க மாட்டேன். ஆனா வேலை கிடையாது.”

*

பஸ் நிறுத்தத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கல்லூரியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். விரல் நுனிகளில் ஏதோ மஞ்சள் கறை.

அவள் இறங்குவதற்குள் கேட்டார். “மூணும் ஒரே மாதிரி எழுதினியா?”

“எழுதினேன்.”

“அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?”

தெருவில் ஆள் குறைவாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், நடந்ததிலிருந்து தொடங்கினாள்.

“அப்பா, எனக்குப் பதினஞ்சு புள்ளி ஒண்ணுதான் வந்துச்சு.”

அப்பா நின்றுவிட்டார். “வராதே.”

“வந்துச்சுப்பா. ரெண்டு தடவை.”

அவர் முகத்தில் பயம் வந்தது. பிறகு அது மெல்ல மெல்லக் கலைந்து ஒரு நிம்மதி வந்தது. அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“பாத்தியா, நல்லவேளை நம்பர் தெரிஞ்சிருந்துச்சு. இல்லன்னா அந்தப் பதினஞ்சையே எழுதித் தொலைச்சிருப்பே.”

சின்னவள் அவர் விரல்களிலிருந்த மஞ்சள் கறையைப் பார்த்தாள்.

“கண்ணை நம்பக் கூடாதும்மா. பதற்றத்துல கண்ணு என்ன வேணா காட்டும். கலக்கினவனுக்குத் தெரியாததா உன் கண்ணுக்குத் தெரிஞ்சுடும்?” அவர் நடக்கத் தொடங்கினார். இரண்டடி முன்னால், கைகளை வீசிக்கொண்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படி நடந்தார். “எத்தனை பிள்ளைங்களுக்குச் சொல்லியிருக்கேன். என் பொண்ணுக்குன்னு வரும்போது எவனாவது சொல்லணுமேன்னு வேண்டிக்கிட்டேன். மாப்பிள்ளை சொன்னார் பாரு. தங்கமான மனுஷன்.”

அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே அவள் பின்னால் நடந்தாள். சட்டையின் பின்புறத்தில் அமிலம் தெறித்த சின்னச் சின்ன ஓட்டைகள். அம்மா எத்தனை தடவை தைத்தாலும் புதிது புதிதாக வருபவை.

*

வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். பெரியவள் கூடத்துத் தரை முழுக்கத் துணியை விரித்துத் திரைச்சீலைக்கு அளந்துகொண்டிருந்தாள். புது வீட்டில் ஜன்னல்கள் அதிகம். அத்தான் நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நேற்று சாயங்கால ஷிப்ட் முடித்தவருக்கு இன்று விடுமுறை.

“வாடி ஆபீசர்,” என்றாள் பெரியவள். “பச்சை நல்லா இருக்கா, நீலம் நல்லா இருக்கா? உன் அத்தானைக் கேட்டா ரெண்டும் ஒரே கலர்ங்கிறார். இவரை வச்சுத்தான் அந்தக் கம்பெனியில கலர் பாக்கிறாங்களாம்.”

“மிதிக்காம வாடி,” என்றாள் அம்மா. “என்ன ஆச்சு? சொல்லித் தொலை. காலையிலேருந்து எனக்கு ஒரு வாய் இறங்கலை.”

எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின.

“நாளைக்கு மறுபடியும் வரச் சொல்லியிருக்காங்க,” என்றாள் சின்னவள். அது பொய் இல்லை.

“அவ்வளவுதான்!” அப்பா கையைத் தட்டினார். “ரெண்டாவது தடவை கூப்பிட்டா என்ன அர்த்தம்? எடுத்தாச்சுன்னு அர்த்தம்.”

பெரியவள் எழுந்து வந்து தங்கையைக் கட்டிக்கொண்டாள். காலடியில் நீலத் துணி சுருண்டது. அம்மா முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே செல்போனைத் தேடினாள்.

“யாருக்கும்மா?”

“அந்த ஏஜென்ட்டுக்குத்தான். என் பொண்ணு வரலை, வேற ஆளைப் பாத்துக்கோன்னு சொல்லிடறேன்.”

“அம்மா, இரு. நாளைக்குச் சொல்லிக்கலாம்.”

“எதுக்கு இருக்கணும்? போன வாரம் சரின்னு சொன்னதுலேருந்து எனக்கு நெஞ்சுல கல்லு மாதிரி இருக்கு.” அதற்குள் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள். வேண்டாம், வேண்டவே வேண்டாம், அவள் இடத்தை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்வது கேட்டது. சின்னவளால் அதைத் தடுக்க முடியவில்லை. தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

அத்தான் மட்டும் நாற்காலியைவிட்டு எழவில்லை. டீக் கோப்பையைக் கீழே வைத்திருந்தார்.

“யார் வரச் சொன்னாங்க?”

“மேடம்.”

“மத்தவங்களையுமா?”

“இல்ல அத்தான். என்னை மட்டும்.”

அத்தான் கீழே வைத்த கோப்பையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். ஐந்து வருடமாக அந்த மேடத்தின் கீழ் வேலை செய்கிறவர். மேடம் யாரையும் இரண்டாவது தடவை கூப்பிட்டுப் பார்த்ததில்லை என்பது அத்தானுக்குத் தெரியும்.

கொஞ்சம் பொறுத்து, கோப்பையைக் கழுவ வேண்டும் என்று சொல்லிக் கொல்லைப் பக்கம் போனார். சின்னவள் முகம் கழுவப் போனாள். இருவரும் குழாயடியில் நின்றார்கள். உள்ளே பெரியவளின் குரல், எந்த ஜன்னலுக்கு எந்தத் துணி என்று அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தது.

“பாட்டிலை மாத்திட்டாங்களா?” அத்தான் திரும்பாமலே கேட்டார்.

“தண்ணி சேர்த்திருக்காங்க. காலையில.”

குழாயிலிருந்து தண்ணீர் கோப்பையில் நிறைந்து வழிந்தது. அவர் மூடவில்லை.

“நீ என்ன எழுதினே?”

“நீங்க சொன்னதை.”

“உன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குமே. உன் கை எப்படின்னு எனக்குத் தெரியுமே. ஏன் எழுதினே?”

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. அப்பா சிரிக்கும் சத்தம் உள்ளிருந்து கேட்டது. அவள் குனிந்து குழாய்த் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டாள்.

“பேரைக் கேட்டாங்களா?”

“ம்.”

“சொன்னா?”

“எனக்கு வேலை.”

“எனக்கு?”

அவள் அழுதாள், சத்தமில்லாமல், ஈர முகத்தோடு. கழுவிய முகமா, அழுத முகமா என்று இனி யாருக்கும் தெரியாது. அத்தான் குழாயை மூடினார். கோப்பையைத் திண்டில் கவிழ்த்தார்.

“உங்க அக்காவுக்குச் சொல்லாதே. மாமாவுக்குக் கண்டிப்பாச் சொல்லாதே, அவர் தாங்க மாட்டார்.”

“நான் நாளைக்குப் போகலை அத்தான். உடம்பு சரியில்லைன்னு சொல்லிடறேன்.”

“அத்தை ஏஜென்ட்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. இங்கயும் போகலைன்னா அப்புறம் எங்க போவே?”

உள்ளேயிருந்து பெரியவள் கூப்பிட்டாள். “என்னங்க, டேப்பைப் பிடிக்க ஆள் வேணும், ஒரு நிமிஷம் வாங்களேன்!”

“வர்றேன்,” என்று அவளுக்குக் குரல் கொடுத்தார். பிறகு சின்னவளைப் பார்த்தார். அன்று முதல் தடவையாக நேராக.

“காலையில நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்.”

“எதுக்கு?”

“இங்க பேச முடியாது. வழியில பேசிக்கலாம், நம்ம ரெண்டு பேர்ல யாருக்கு அந்தக் கம்பெனி வேலைன்னு.”